இல்லடு கள்: கைப்பக்குவம் என்ற பெயரில் தொலைந்த அறிவு

1

மதுவைப் பற்றிய தமிழ்ப் பேச்சில் பெண்ணுக்கு இரண்டே இடங்கள். குடிகாரனின் மனைவி, அல்லது குடிகாரனைப் பெற்ற தாய். மேடையிலும் திரைப்படத்திலும் தேர்தல் அறிக்கையிலும் அவள் அழுகிறாள். தாலியை எடுத்துக் காட்டுகிறாள். கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்காருகிறாள். அந்த அழுகை பொய்யில்லை. மணலி புதுநகரில் தொடங்கி எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என்று சம்பள நாள் மாலையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அதன் காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் தமிழின் பழைய நூல்களில் மதுவோடு சேர்ந்து வருகிற பெண்ணுக்கு மூன்றாவதாக ஓர் இடம் இருந்தது. அவள் அதைச் செய்தாள். செய்யத் தெரிந்தவளாக இருந்தாள். அந்த இடம் எப்படிக் காலியானது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்’ என்றொரு தொடர் வருகிறது. இல் என்றால் வீடு. அடுதல் என்றால் சமைத்தல். இன்று ‘ஹோம்ப்ரூ’ என்று சொல்லப்படும் பொருளுக்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுகளாகவே பெயர் இருந்திருக்கிறது. அந்தப் பகுதியில் ஆநிரை கவர்ந்து வந்து, நறவின் விலைக்கு அதைக் கொடுத்துத் தீர்க்கிற ஆண்கள் வருகிறார்கள். அவர்களே வீட்டில் சமைத்த தோப்பியையும் குடிக்கிறார்கள். விலைக்கு வாங்கிய மது, வீட்டில் ஆக்கிய மது என்ற வேறுபாடு அப்போதே தெளிவாக இருக்கிறது. விலைக்கு வாங்கியது யார் என்று பாட்டு சொல்கிறது. வீட்டில் ஆக்கியது யார் என்று சொல்லவில்லை. ‘இல்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஆக்கியவள் மறைந்திருக்கிறாள்.

சங்கப் பாடல்களில் மதுவுக்கு வழங்கும் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். அரித்து எடுத்தது அரியல். பிழிந்து எடுத்தது பிழி. தெளிந்து நின்றது தேறல். போதையின் பெயர்கள் அல்ல இவை, வேலையின் பெயர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கையும் ஒரு சல்லடையும் காத்திருந்த சில நாட்களும் இருக்கின்றன. மொழிக்குள் இவ்வளவு வேலை பதிவாகியிருந்தும், அந்த வேலையைச் செய்த கையைப் பற்றி நாம் கேட்காமல் விட்டது ஏன்?

2

பெரும்பாணாற்றுப்படையைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். காஞ்சியை நோக்கிப் போகும் பாணனுக்கு வழியில் எந்தெந்தக் குடியில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகும் பாட்டு இது. தொண்டை நாட்டு நிலமும் நீரும் அதன் களம். வலைஞர் குடியிருப்பில் அவனுக்குக் கிடைப்பது சுட்ட மீனும் அரிசிக் கள்ளும். அங்கேதான் உருத்திரங்கண்ணனார் அந்தக் கள்ளை எப்படி ஆக்கினார்கள் என்று அடிக்கு ஒரு படியாகச் சொல்லிச் செல்கிறார்.

என் சொற்களில் அந்தச் செய்முறை இது. நன்றாகத் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும். முளைவிட்ட நெல்லை இடித்து அதில் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருக்க வேண்டும். வலிய வாயுடைய சாடியில் பச்சை வாடை போகும்வரை விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும்.

பீர் காய்ச்சுகிறவர் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு எதுவும் புதிதாக இருக்காது. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. அதை ஈஸ்ட் தின்னாது. முளைவிடும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் சாராயமாக்குகிறது. பார்லியை முளைவிட்டு உலர்த்தினால் அதன் பெயர் மால்ட். நெல்லைச் செய்தால் நம் பாட்டில் வரும் முளை. இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய படி, களியை ஆறவிடுவது. சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த நொதிகள் செயலிழக்கத் தொடங்கிவிடும். கொதிக்கும் களியில் முளையைக் கொட்டினால் களி களியாகவே கிடக்கும். ஆறவிட்ட பிறகே முளையைச் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் அறிந்திருக்கிறார் என்றால், அதற்கு முன் பல பானைகள் வீணாகியிருக்கின்றன. வீணானதன் காரணத்தை யாரோ யோசித்திருக்கிறார்கள். அடுத்த முறை மாற்றிச் செய்து பார்த்திருக்கிறார்கள். சோதனை என்பது இதுதான்.

முளையைப் பற்றிய உவமையும் அப்படித்தான். பாம்பு வாழும் புற்றுக்குள் கரையான் கட்டும் கூட்டைப் போல அது இருக்கும் என்கிறார் புலவர். நெல்லையோ கேழ்வரகையோ ஈரத் துணியில் முளைகட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் துல்லியம் புரியும். மூன்றாம் நாள் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, தானியம் முழுவதும் துளைதுளையான அடையாகத் திரண்டிருக்கும். இதை அருகில் நின்று பார்த்த கண் ஒன்று இருந்திருக்கிறது. அந்தக் கண் புலவருடையதாக இருக்கலாம். அடையைக் கட்டிய கை யாருடையது?

இந்தப் பகுதி முழுக்க வினைகள் வரிசையாக வருகின்றன: துழாவி, ஆற்றி, அளைந்து, கழித்து, பிழிந்து. வினைமுதல் மட்டும் இல்லை. இலக்கணம் இதை அனுமதிக்கும். ஆனால் இதே பாட்டு சற்றுத் தள்ளித் துறைமுகப் பட்டினத்துக்குள் நுழையும்போது வினைமுதலைச் சொல்லிவிடுகிறது. அங்கே கள் ஆக்குபவர்கள் மகளிர் என்று வெளிப்படையாகவே வருகிறது. அவர்கள் வட்டில் கழுவிக் கொட்டிய நீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிக்குட்டிகள் புரள்கின்றன. நெல்மாவை ஊட்டிக் குழியில் நிறுத்தி வளர்த்த பன்றியின் கொழுத்த தசையோடு, கடுமையான நறவும் விருந்தினனுக்குக் கிடைக்கிறது. வட்டில் கழுவிய நீர் சேறாகும் அளவுக்கு வேலை நடந்திருக்கிறது என்றால் அது ஒரு குடும்பத்தின் தேவைக்கு ஆக்கிய அளவாக இருக்க முடியாது. துறைமுகத்துக்கு வந்துபோகிறவர்களை நம்பி நடந்த பெண்களின் தொழில் அது.

வகுப்பறையில் இந்த அடிகளை நாங்கள் எப்படி நடத்துகிறோம்? தொண்டை நாட்டின் வளத்துக்குச் சான்று, விருந்தோம்பலுக்குச் சான்று, கருப்பொருளுக்குச் சான்று. உ.வே.சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அன்றிலிருந்து இந்தப் பகுதி அச்சில் இருக்கிறது. உரை ஒவ்வொரு படியையும் விளக்குகிறது. ஆனாலும் இதைத் தொழில்நுட்பப் பதிவாக, அதுவும் பெண்களின் தொழில்நுட்பப் பதிவாக வாசிக்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. கள் என்ற சொல் வந்ததும் ஆசிரியர் குரலைத் தாழ்த்துகிறார், மாணவர்கள் சிரிக்கிறார்கள், அடுத்த பக்கம் புரள்கிறது.

3

குரல் தாழ்வதற்கு நீண்ட வரலாறு உண்டு. புறநானூற்றில் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய 235ஆம் பாட்டில், சிறிதளவு கள் கிடைத்தால் தனக்கே கொடுத்துவிடுவான் என்றும், நிறையக் கிடைத்தால் தான் பாட அவன் மகிழ்ந்து உண்பான் என்றும் நினைவுகூர்கிறார். நட்பின் அளவுகோலாகக் கள் வருகிறது. அளப்பவள் ஒரு பெண். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்துக்கு வரும்போது குடிப்பவன் ஆணாகிவிடுகிறான். பெண், பெற்ற தாயாக, அவன் முகத்தைச் சகிக்க முடியாதவளாக நிற்கிறாள். அறநூல் அவளை ஆக்குபவள் என்ற இடத்திலிருந்தும் குடிப்பவள் என்ற இடத்திலிருந்தும் எடுத்து, பார்த்து வருந்துபவள் என்ற இடத்தில் வைத்தது. இன்றுவரை மேடைகள் அவளை அங்கேயே வைத்திருக்கின்றன.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் தலைமையேற்றார்கள். பெண்கள் தெருவில் இறங்கிய வரலாற்றில் அது பெருமைக்குரிய பக்கம். 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு இயக்கத்தில் படிக்கத் தொடங்கிய பெண்கள் சாராயக் கடைகளை மூடவைத்தார்கள். அடுத்த ஆண்டே ஆந்திரத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. இந்தப் போராட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இவை எதிர்த்தது எதை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடையை, குத்தகைக்காரரை, கூலியை அப்படியே விழுங்கும் ஏற்பாட்டை அந்தப் பெண்கள் எதிர்த்தார்கள். தானியம் புளிப்பது அவர்களுடைய எதிரியாக இருக்கவில்லை.

சாதியையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும். கள்ளோடு தொடர்புடைய குடிகள் தாழ்ந்தவை என்று ஆனபோது, அந்தக் குடிப் பெண்களின் அறிவும் தீட்டாயிற்று. பனைத் தொழிலில் ஆண் மரமேறினான். பெண் அடுப்பருகே நின்று பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கினாள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே சாறு. புளிப்பதை எங்கே தடுப்பது, எங்கே விடுவது என்பது அங்கே அன்றாட அறிவு. அதை அறிவென்று எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை.

4

இது தமிழ்ப் பெண்ணுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. இங்கிலாந்தில் 1300 வாக்கில் ‘ஏல்’ என்னும் தானிய மதுவைப் பெரும்பாலும் பெண்களே வீட்டில் காய்ச்சி, மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். 1600 வாக்கில் அது ஆண்களின் தொழிலாகிவிட்டது. ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தைத் தொடர்ந்து செல்கிறார். ஏல் சில நாட்களில் கெட்டுவிடும். ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் காய்ச்சிய பீர் நாள்பட நின்றது. நாள்பட நிற்பதைப் பெருமளவில் செய்யலாம், தூரத்துக்கு அனுப்பலாம், படைகளுக்கு விற்கலாம். அதற்குப் பெரிய அண்டாவும் முதலும் கடனும் தேவைப்பட்டன. அவை பெண்களிடம் இல்லை. தொழிலில் இலாபம் கூடக்கூடப் பெண் வெளியேறினாள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்தது இன்னும் நமக்கு நெருக்கமானது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் சோள பீரைக் காய்ச்சி விற்கும் ஏகபோகத்தை நகராட்சிக்கு வழங்கியது. நகராட்சி பீர்க்கூடங்களைத் திறந்தது. அந்த வருவாயிலேயே கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்தை நடத்தியது. முளைவிட்ட சோளத்தில் வீட்டில் காய்ச்சி விற்றுப் பிழைத்த பெண்கள் குற்றவாளிகளானார்கள். 1959 ஜூனில் காட்டோ மேனர் குடியிருப்பின் பெண்கள் பீர்க்கூடங்களுக்குள் புகுந்து, குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டி, பீரைக் கொட்டினார்கள். குடி கெட்டது என்பதற்காக மட்டும் அவர்கள் வரவில்லை. தங்கள் பானையை உடைத்துவிட்டு அதே பண்டத்தை அரசு விற்பதை எதிர்த்து வந்தார்கள்.

இதை வாசிக்கும்போது நம் மாநிலம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, மீண்டும் இறுகி, மீண்டும் தளர்ந்தது. டாஸ்மாக் 1983இல் உருவானது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். 2023-24இல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருவாய் சுமார் 45,855 கோடி ரூபாய். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒரு பானை அரிசிக் கள் ஆக்கினாலும் அது குற்றம். குடிப்பது குற்றமில்லை, விற்பதும் குற்றமில்லை. விற்பவர் அரசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, ‘வீட்டில் காய்ச்சியது’ என்ற சொல்லே நஞ்சின் மறுபெயரானது. அவர்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைகளுக்கான கரைப்பான். ஆலையிலிருந்து கள்ளச் சந்தைக்குக் கசிந்து சாராயத்தில் கலக்கப்படுவது. அரிசியும் முளையும் புளித்து அந்த நஞ்சை அந்த அளவில் தருவதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் போனது தற்செயலில்லை. ஆக்கும் அறிவு வீட்டை விட்டுப் போன இடத்தில், எது மது, எது நஞ்சு என்று பிரித்தறியும் மூக்கும் நாக்கும் போய்விட்டன. சட்டத்தை மீறி நீங்கள் பானை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிவு எங்கிருந்து எங்கே போனது என்ற கணக்கைக் கேட்கிறேன்.

5

இந்தக் கணக்கின் இன்னொரு பக்கம், மதுவாக்குதல் பொழுதுபோக்காகத் திரும்பி வந்த விதம். பிரிட்டனில் 1963இலும் அமெரிக்காவில் 1978இலும் வீட்டில் பீர் ஆக்குவதற்கான தடைகள் நீங்கின. 1984இல் வெளிவந்த சார்லி பப்பாசியனின் கையேடு ஒரு தலைமுறைக்கே பாடநூலானது. இன்று அங்கே ‘சொந்தச் செய்முறையை உருவாக்குதல்’ என்பது ஒரு கலை. அடிப்படை மால்ட் எவ்வளவு, நிறத்துக்கும் மணத்துக்கும் வறுத்த மால்ட் எவ்வளவு, கசப்புக்கு ஹாப்ஸை எந்த நிமிடத்தில் போடுவது, எந்த ஈஸ்ட், எந்த வெப்பம் என்று ஏட்டில் எழுதிவைக்கிறார்கள். நீரின் அடர்த்தி 1 என்றால் காய்ச்சிய சாறு 1.050இல் தொடங்கி 1.010இல் நிற்கும், வித்தியாசத்தை வைத்துச் சாராயம் சுமார் 5 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்று, குறித்து வை, சுவைத்துப் பார், மறுபடி செய் என்பது விதி. நல்ல விதி. செய்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் செய்வதற்குப் பெயர் ‘ரெசிபி டெவலப்மெண்ட்’.

இதே விதியைத் தன் அடுப்படியில் ஆண்டு முழுவதும் கடைப்பிடிக்கிற பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘கைப்பக்குவம்’. மார்கழியில் இட்லி மாவு பொங்காது என்று உளுந்தைக் கூட்டுகிறாள். வெந்நீர்ப் பானையருகே பாத்திரத்தை நகர்த்துகிறாள். சித்திரையில் உப்பை முன்னதாகவே போடுகிறாள். அரிசி மாறினால் ஊறும் நேரத்தை மாற்றுகிறாள். ஒவ்வொன்றும் ஒரு மாறியைப் பிடித்து நிறுத்திச் செய்யும் சோதனை. ஆனால் கைப்பக்குவம் என்ற சொல் அந்த அறிவை அவள் மூளையிலிருந்து எடுத்து அவள் தோலில் ஒட்டிவிடுகிறது. கை ஓய்ந்தால் அறிவும் போயிற்று. கைக்கு உரிமைப்பத்திரம் கிடையாது. பாராட்டின் வடிவில் வரும் பறிமுதல் என்றே இந்தச் சொல்லை நான் வாசிக்கிறேன். பெரும்பாணாற்றுப்படையில் வினைமுதல் விடுபட்ட இடமும் கைப்பக்குவம் என்ற சொல் நிற்கும் இடமும் ஒன்றுதான்.

உருத்திரங்கண்ணனாரின் செய்முறையில் முதல் பாதி இன்னும் வடசென்னை வீடுகளில் உயிரோடு இருக்கிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றும்போது, கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துத் துழாவிக் காய்ச்சி, ஆறவிட்டு, கரைத்து ஊற்றுகிறார்கள். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. அங்கே கள்ளும் சுட்ட மீனும். இங்கே கூழும் கருவாடும். அது இதன் நேர் வாரிசு என்று நான் வாதிடவில்லை. துழாவுவது, ஆற்றுவது, புளிக்கக் காத்திருப்பது என்ற செயல்கள் ஒன்று. அதேபோல, கைக்குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி அரைக்கிறாளே, அது மால்ட். அந்த மாவில் காய்ச்சினால் கஞ்சி இறுகாமல் இளகி நிற்பதற்குக் காரணம், வலைஞர் குடியின் பானையில் வேலைசெய்த அதே நொதி. மதுவாகும் படியை மட்டும் சட்டமும் அறமும் சாதியும் வெட்டியெறிந்தன. மற்றப் படிகளை, பெயரில்லாமல், கூலியில்லாமல் பெண்கள் காத்துவந்திருக்கிறார்கள்.

வெட்டப்படாத இடங்களிலும் எல்லாம் சரியாக இல்லை. அசாமின் திமாசா பெண்கள் ஒட்டரிசியில் ஆக்கும் ஜுடிமாவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜார்கண்டில் ஹண்டியா என்னும் அரிசி மதுவைத் தெருவோரம் விற்கும் பழங்குடிப் பெண்களை வேறு தொழிலுக்கு மாற்ற, அதற்கு முந்தைய ஆண்டில், அந்த மாநில அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பண்டம் ஏறக்குறைய ஒன்று. ஓரிடத்தில் மரபுச்செல்வம், இன்னோரிடத்தில் மீட்கப்பட வேண்டிய அவமானம். தெருவோரத்தில் விற்கும் பெண் குடிகாரர்களின் தொல்லைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது உண்மை. அவளுக்கு நல்ல இடமும் நியாய விலையும் பாதுகாப்பும் தரலாம் என்று யோசிப்பதற்கு முன், தொழிலையே விடச் சொல்வது எளிதாக இருக்கிறது. குறியீடு பெற்ற பண்டத்துக்கும் நாளை ஆலையும் முதலும் வரும். இங்கிலாந்தில் நடந்தது அப்போது திரும்ப நடக்காமல் இருக்க வேண்டுமானால், அந்த உரிமையின் பலன் ஆக்கும் பெண்ணின் கைக்கு வருகிறதா என்று இப்போதே கேட்க வேண்டும்.

மாணவியருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டில் புளிக்கவைக்கும் எதையாவது, அது கூழோ மாவோ பழைய சோறோ, ஆக்குகிறவரின் அருகில் ஒரு வாரம் ஏட்டோடு உட்காருங்கள். ‘கொஞ்சம்’, ‘பதமாக’ என்று அவர் சொல்லும்போது அளந்து பார்த்து எண்ணில் எழுதுங்கள். எந்த மாதம், எந்த அரிசி, எத்தனை மணி நேரம், எப்போது கெட்டது, கெட்ட பிறகு எதை மாற்றினார் என்று குறியுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரை மேலே எழுதுங்கள். உருத்திரங்கண்ணனார் ஆக்கும் முறையை நமக்கு விட்டுச்சென்றார். ஆக்கியவளின் பெயரை விட்டுச்செல்லவில்லை. அந்த ஒன்றை இனி எழுத வேண்டியவர்கள் நாம்.